இரட்டைப் பட்டமும் ஓராண்டுக்குள் வந்த வழக்கும்: நியூயார்க் சிட்டி காலேஜ் கூடைப்பந்து அணி, 1949–50

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இன்று ஒரே ஒரு போட்டித் தொடரே தேசிய வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது எனினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தகுதிக்கு இரண்டு தொடர்கள் உரிமை கோரி வந்தன. முதலாவது, நியூயார்க் நகர விளையாட்டு எழுத்தாளர்களின் முயற்சியால் 1938 இல் தோன்றிய தேசிய அழைப்புப் போட்டி. இரண்டாவது, கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பாகிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது சுருக்கமாக என்.சி.ஏ.ஏ., 1939 முதல் நடத்தி வந்த போட்டி. 1950 ஆம் ஆண்டில் முன்னதில் பன்னிரண்டு அணிகளும் பின்னதில் எட்டு அணிகளும் களமிறங்கின. நியூயார்க்கின் பெரிய அரங்கில் முழுமையாக நடந்ததாலும் மாநகரப் பத்திரிகைகளின் கண் எப்போதும் அதன்மேல் இருந்ததாலும் அழைப்புப் போட்டிக்கு அக்காலத்தில் மதிப்பு சற்றும் குறைந்திருக்கவில்லை. ஒரே அணி இரண்டிலும் ஆடுவதற்கு அப்போது தடை எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற அணி இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான். அது நியூயார்க் சிட்டி காலேஜின் 1949–50 ஆம் ஆண்டு அணி. பின்னாளில் இரு தொடர்களிலும் சேர்ந்து ஆடும் வழக்கமே ஒழிந்துவிட்டதால் அந்தச் சாதனையை இனி எவரும் எட்டப்போவதுமில்லை.

இந்த அணியின் வரலாறு வழக்கமாக இரண்டு தனிக் கதைகளாகவே எழுதப்படுகிறது: ஒன்று ஏழை மாணவர்களின் எழுச்சி, மற்றொன்று அதே மாணவர்களின் வீழ்ச்சி. முதற்கதையை எழுதுவோர் இரண்டாவதை ஒரு விபத்தைப் போலக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்துவிடுகின்றனர். ஆவணங்களை அடுக்கிப் பார்த்தால் அப்படிப் பிரித்துக் காண இடமில்லை. அந்த மாணவர்களுக்கு ஊரறிந்த புகழைத் தந்த அரங்கமும் அங்கே திரண்ட கூட்டமும் கூட்டத்தோடு வந்த பணமும்தான், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய சூதாட்டத்துக்கும் விளைநிலமாக இருந்தன.

கல்லூரியின் இயல்பை அறியாமல் அணியின் இயல்பை அறிய முடியாது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி உயர்கல்வி அளிக்க வேண்டும் என்ற நோக்கில் நியூயார்க் நகரம் 1847 இல் நிறுவிய ‘இலவசக் கழகம்’ என்ற கல்விக்கூடமே பின்னர் சிட்டி காலேஜ் ஆயிற்று. மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில், ஹார்லெமை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்த இந்தக் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் வழக்கம் அக்காலத்தில் பெரும்பாலும் இல்லை. மாணவர்கள் பிராங்ஸிலிருந்தும் புரூக்ளினிலிருந்தும் சுரங்க ரயிலில் வந்து படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பினர். சேர்க்கைக்கு அப்போது பள்ளி மதிப்பெண் ஒன்றே அளவுகோல். 1920களில் ஹார்வர்டு போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு மறைமுகமாகவும் வெளிப்படையாகவும் வரம்பு கட்டத் தொடங்கியபோது, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தையற்காரர்கள், சிறுகடைக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இக்கல்லூரியே புகலிடமாயிற்று. போலியோ தடுப்பூசியைக் கண்டறிந்த ஜோனஸ் சால்க் இங்கே 1934 இல் பட்டம் பெற்றவர். மருத்துவ நோபல் பெற்ற ஆர்தர் கார்ன்பெர்க் 1937 இலும், பொருளியல் நோபல் பெற்ற கென்னத் ஆரோ 1940 இலும் இங்கிருந்து வெளியேறியவர்கள். அரசியல் விவாதங்களுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் பெயர்போன வளாகம் அது. யூத வெறுப்பும் நிறவெறியும் காட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட இரு ஆசிரியர்களை நீக்கக் கோரி 1949 ஏப்ரலில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில்தான் இங்கே பேசப்படும் அணி பயிற்சியைத் தொடங்கியது.

இத்தகைய ஏட்டுப்படிப்புக் கல்லூரியில் கூடைப்பந்து வேரூன்றியது வியப்புக்குரியதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் பழக்கூடைகளை மாடக் கைப்பிடியில் மாட்டி உருவாக்கிய இந்த ஆட்டத்துக்குப் பரந்த புல்வெளி தேவையில்லை, விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை; ஒரு பந்தும் ஒரு வளையமும் சிறிது சமதளமும் போதும். (அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920 இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை நிறுவியது தமிழ்நாட்டிலும் இவ்விளையாட்டு பரவ உதவியது.) நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த நியூயார்க்கில் பள்ளி முற்றங்களும் சமூகக் கூடங்களும் ஆடுகளங்களாயின. அங்கே உருவான ஆட்டமுறை உயரத்தை நம்பியதைவிடப் பந்தைக் கைமாற்றுவதை அதிகம் நம்பியது: தோழனிடம் பந்தைக் கொடுத்த கணமே காவலரைத் தாண்டி ஓடி, கூடைக்கு அருகே அதைத் திரும்பப் பெறுவது அதன் அடிப்படை உத்தி. அந்த முறையின் பேராசானாகக் கருதப்பட்டவர் நாட் ஹோல்மன். 1920களில் புகழ்பெற்றிருந்த ‘ஒரிஜினல் செல்டிக்ஸ்’ என்ற தொழில்முறை அணியின் நட்சத்திர வீரராகிய அவர், அதற்கு முன்பே, 1919 முதல், சிட்டி காலேஜ் அணிக்குப் பயிற்றுநராகவும் பொறுப்பேற்றிருந்தார். நகரப் பள்ளிகளில் திறமையாளர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவரும் உத்திகளின் நுணுக்கங்களைச் செதுக்கியவரும் துணைப் பயிற்றுநர் பாபி சாண்ட் என்பது வீரர்கள் பலரின் கூற்று; பத்திரிகைகளின் ஒளி ஹோல்மன்மீதே விழுந்தது.

1949–50 அணியின் முதன்மை வீரர் ஐவரில் நால்வர் இரண்டாமாண்டு மாணவர்கள். எட் வார்னர் ஹார்லெமைச் சேர்ந்த, இளமையிலேயே பெற்றோரை இழந்த கருப்பின இளைஞர். உயரம் மிகுதியாக இல்லாவிட்டாலும் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று காவலரை ஏமாற்றித் திரும்புவதில் இணையற்றவர். ஃபிளாய்டு லேன் பிராங்ஸில் வளர்ந்த மற்றொரு கருப்பின வீரர்; எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் வேலை பெரும்பாலும் அவருடையது. எட் ரோமன், அல் ராத் ஆகிய இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ரோமன் மையத்தில் ஆடும் நெடியவராயினும் தொலைவிலிருந்து பந்தெறிவதில் வல்லவராதலால், அவரைத் தடுக்க வேண்டிய எதிரணி உயரக்காரர் கூடையைவிட்டு வெளியே இழுக்கப்பட்டார். அப்போது திறந்த வெளியில் வார்னர் புகுந்தார். ஐந்தாமவரும் மூத்தவருமான இர்வின் டாம்ப்ராட் அணித்தலைவர்களில் ஒருவர். கருப்பினத்தவரும் யூதரும் மட்டுமே கொண்ட முதன்மை ஐவர் அணி என்பது, நாட்டின் தென் மாநிலங்களில் கருப்பின மாணவர் வெள்ளையர் கல்லூரிக்குள் நுழையவே முடியாதிருந்த அக்காலத்தில், ஆடுகளத்துக்கு வெளியேயும் பொருளுடையதாக இருந்தது.

பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அணி பதினேழில் வென்று ஐந்தில் தோற்றது. நல்ல கணக்குதான், ஆனால் நாட்டின் தலைசிறந்த அணிகளின் பட்டியலில் இடம் பெறப் போதாதது. அழைப்புப் போட்டிக்கு அழைக்கப்பட்டதே உள்ளூர் அணி என்ற சலுகையால் என்று கருதியோர் உண்டு. முதல் ஆட்டத்தில் முந்தைய ஆண்டின் வெற்றியாளராகிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தை 65–46 என்ற கணக்கில் வீழ்த்தியபோதும் அந்தக் கருத்து முற்றிலும் மாறவில்லை.

அடுத்து எதிர்ப்பட்டது கென்டக்கி. அடால்ஃப் ரப் பயிற்றுவித்த அந்த அணி 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் என்.சி.ஏ.ஏ. பட்டத்தை வென்றிருந்தது, ஏழடி உயரமுள்ள பில் ஸ்பைவி அதன் மையத்தில் நின்றார், அதில் கருப்பின வீரர் ஒருவரும் இல்லை, 1970 வரை ஆடவும் போவதில்லை. தொடக்கத்தில் பந்தைத் துள்ளித் தட்டுவதற்காக ஹோல்மன், வழக்கத்துக்கு மாறாக, லிராய் வாட்கின்ஸ் என்ற நெடிய கருப்பின மாற்று வீரரை ஸ்பைவிக்கு எதிரே நிறுத்தினார். ஆட்டத்துக்கு முன் கைகுலுக்க நீட்டிய கரங்களைக் கென்டக்கி வீரர்கள் சிலர் ஏற்க மறுத்தனர் என்று சிட்டி காலேஜ் வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். முடிவு 89–50. முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் அடைந்த அந்தத் தோல்வி, ரப் தம் பயிற்றுநர் வாழ்வில் அதுவரை கண்டிராதது. கென்டக்கிச் சட்டமன்றத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்ததாக ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதாகவே இருந்தாலும் அந்தத் தோல்வியின் கனத்தை அது சரியாகவே எடைபோடுகிறது.

அரையிறுதியில் டுகேன் பல்கலைக்கழகத்தை 62–52 என்றும், மார்ச் 18 அன்று நடந்த இறுதியாட்டத்தில் நாட்டின் முதல்நிலை அணியெனத் தரவரிசைப்படுத்தப்பட்டிருந்த பிராட்லியை 69–61 என்றும் வென்று சிட்டி காலேஜ் முதற்பட்டத்தைக் கைப்பற்றியது. தொடரின் சிறந்த வீரராக வார்னர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

என்.சி.ஏ.ஏ. போட்டி உடனே தொடர்ந்தது. ஒஹையோ ஸ்டேட் அணியை 56–55 என்று ஒரே ஒரு புள்ளியில் தாண்டி, நார்த் கரோலைனா ஸ்டேட் அணியை 78–73 என்று வென்று, மார்ச் 28 அன்று அதே அரங்கில், அதே பிராட்லியை மீண்டும் சந்தித்தனர். இல்லினாய் மாநிலத்து பியோரியா நகரின் சிறு கல்லூரியாகிய பிராட்லியின் ஆட்டம் அதன் குள்ளமான, கெட்டிக்கார வீரர் ஜீன் மெல்கியோரியைச் சுற்றியே அமைந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் சிட்டி காலேஜ் வசதியான முன்னிலையில் இருந்தது. ஆனால் பிராட்லி வீரர்கள் களம் முழுவதும் நெருக்கிக் காவல் காத்துப் பந்தை அடுத்தடுத்துப் பறித்ததால், கடைசிக் கணங்களில் வித்தியாசம் 69–68 ஆகச் சுருங்கியது. அப்போதும் பந்தைப் பறித்துக்கொண்டு மெல்கியோரி கூடையை நோக்கிப் பாய்ந்தார். டாம்ப்ராட் குறுக்கே வந்து அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து, களத்தின் மறுகோடியில் தனித்து ஓடிக்கொண்டிருந்த நார்ம் மேகருக்கு நீளமாக எறிந்தார். முற்பாதியில் மோதி அடிபட்டுத் தலையில் தையல் போட்டுக்கொண்டு வந்து ஆடிய மேகர் அதைக் கூடையில் இட்டார். 71–68. டாம்ப்ராட் செய்தது விதிமீறல் என்று பிராட்லி தரப்பு நெடுங்காலம் வாதிட்டது. நடுவர்கள் விசில் ஊதவில்லை என்பதோடு வரலாறு நின்றுவிட்டது. இம்முறை சிறந்த வீரர் பட்டம் டாம்ப்ராட்டுக்குக் கிடைத்தது. மறுநாள் கல்லூரியில் வகுப்புகள் நடைபெறவில்லை. கட்டணம் கட்டாமல் படிக்கும் ஊர்ப்பிள்ளைகள் நாட்டையே வென்றுவிட்டார்கள் என்று நகரம் கொண்டாடியது.

இந்த ஆட்டங்கள் நடந்த அரங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். எட்டாவது நிழற்சாலையில், 49 ஆம், 50 ஆம் தெருக்களுக்கு இடையே அப்போது அமைந்திருந்த மேடிசன் சதுக்கத் தோட்டம், பெயரில் தோட்டமாயினும், குத்துச்சண்டைக்கும் சர்க்கஸுக்கும் பயன்பட்ட பதினெட்டாயிரம் பேர் அமரக்கூடிய மூடிய அரங்கு. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே வெறிச்சோடிக் கிடந்த அதை, நெட் ஐரிஷ் என்ற முன்னாள் விளையாட்டுச் செய்தியாளர் 1934 டிசம்பர் 29 அன்று வாடகைக்குப் பிடித்து, ஒரே மாலையில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை அடுத்தடுத்து நடத்தினார். ஒரு நுழைவுச்சீட்டுக்கு இரண்டு ஆட்டங்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அதுவரை கல்லூரி உடற்பயிற்சிக் கூடங்களில் சில நூறு பேர் முன்னிலையில் நடந்து வந்த ஆட்டம் அன்றோடு பெருவணிகமாயிற்று. கல்லூரிகளுக்குப் பங்குத் தொகை, அரங்க உரிமையாளருக்கு வாடகை, ஐரிஷுக்கு இலாபம், பத்திரிகைகளுக்கு விற்பனை என்று எல்லோருக்கும் வரவு இருந்தது. ஆடியவர்கள் மட்டும் தொழில்முறை சாராதவர்கள் என்ற பெயரால் எதையும் பெற உரிமையற்றவர்களாக இருந்தனர்.

சூதாட்டக்காரர்களுக்கு இந்த அரங்கம் அழகான சந்தையாக அமைந்ததற்கு 1940களில் பரவிய ஒரு புதிய பந்தய முறை காரணம். அதற்கு முன் ஓர் அணி வெல்லுமா தோற்குமா என்பதன்மேல் மட்டுமே பணம் கட்டப்பட்டது. வலிய அணியும் எளிய அணியும் மோதும்போது முடிவு முன்பே தெரிந்திருந்ததால் பந்தயம் கட்ட ஆள் கிடைக்கவில்லை. புதிய முறையில் பந்தயத் தரகர், வலிய அணி எத்தனை புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்று ஒரு கணிப்பை முன்வைப்பார். கணிப்பு பத்து என்று வைத்துக்கொண்டால், வலிய அணியின்மேல் பணம் கட்டியவருக்கு அது பத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றால்தான் பணம் வரும். ஆறு புள்ளியில் வென்றால் அணிக்கு வெற்றி, பணம் கட்டியவருக்கு நட்டம். இந்த இடைவெளியில்தான் ஊழல் நுழைந்தது. தோற்றுக் கொடுக்குமாறு ஒரு மாணவனிடம் கேட்டால் அவன் மறுப்பான். வெற்றி பெறு, ஆனால் ஆறு புள்ளியில் பெறு என்று கேட்டால் அவன் மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம் கிடைக்கிறது. புள்ளிக் குறைப்பு எனப்பட்ட இந்த ஏற்பாட்டில் செய்ய வேண்டியதும் மிகக் குறைவு: ஒரு காவலில் அரை அடி தாமதம், கைக்கு எட்டாத ஒரு கைமாற்று, எளிதான ஓர் எறிதலில் சிறு பிசகு. குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அக்காலத்தில் இல்லாததால், முன்னிலையில் இருக்கும் அணி பந்தை வெறுமனே கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்துவதை எவரும் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆட்டத்தின் முடிவை மாற்றாமல் அதன் ஒரு சிறு கூறை மட்டும் விற்கும் இந்த உத்தியின் உறவுமுறை, 2013 இல் இந்திய ஐ.பி.எல். கிரிக்கெட்டை உலுக்கிய குற்றச்சாட்டுகளைப் படித்தோருக்கு எளிதில் புலப்படும்.

வீரர்களும் சூதாடிகளும் சந்தித்துக்கொண்ட இடங்களுள் முக்கியமானது நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கேட்ஸ்கில் மலைப்பகுதி. யூதக் குடும்பங்கள் கோடை விடுமுறையைக் கழித்த அங்கிருந்த விடுதிகள், கல்லூரி வீரர்களைப் பரிமாறுபவர்களாகவும் பெட்டி தூக்குபவர்களாகவும் வேலைக்கு அமர்த்தி, இரவில் விருந்தினரின் பொழுதுபோக்குக்காக விடுதிகளுக்கிடையே ஆட்டங்கள் நடத்தின. இரு அணிகளும் எடுக்கும் மொத்தப் புள்ளியின்மேல் விருந்தினர் சிறுதொகைப் பந்தயம் கட்டுவது வழக்கம். சமையற்கட்டுப் பணியாளர் வாங்கிய சீட்டுக்கு ஏற்ப மொத்தத்தைச் சரிசெய்து கொடுப்பது வீரர்களுக்கு விளையாட்டாகவே தோன்றியது. நிர்வாகங்கள் அறியாத இரகசியம் என்று இதைச் சொல்ல முடியாது. எச்சரிக்கையும் முன்னரே வந்திருந்தது: 1945 இல் புரூக்ளின் கல்லூரியின் ஐந்து வீரர்கள், பாஸ்டனில் ஆக்ரன் அணிக்கு எதிராக நடக்கவிருந்த ஆட்டத்தில் தோற்றுக் கொடுப்பதற்குப் பணம் பெற ஒப்புக்கொண்டது அம்பலமானது, அவர்களில் ஒருவர் அக்கல்லூரி மாணவரே அல்லர் என்பதும் தெரியவந்தது. அந்த ஆட்டம் இரத்தாயிற்று. தொழில்முறை சாராத வீரர்களுக்குக் கையூட்டுக் கொடுப்பதும் குற்றம் என்று நியூயார்க் மாநிலச் சட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அரங்கத்து ஆட்டங்கள் மட்டும் நிற்கவில்லை.

1951 ஜனவரியில், மன்ஹாட்டன் கல்லூரியின் முதல் கருப்பின வீரராகிய ஜூனியஸ் கெலாக் என்பவரிடம் அவ்வணியின் முன்னாள் வீரர் ஒருவர் வந்து, டிபால் அணிக்கு எதிரான ஆட்டத்தில் புள்ளிகளைக் கட்டுப்படுத்தினால் 1,000 டாலர் தருவதாகக் கூறினார். வசதியற்ற குடும்பத்தில் பிறந்த கெலாக் அதைத் தம் பயிற்றுநரிடம் தெரிவித்தார்; செய்தி காவல்துறைக்குச் சென்றது. நியூயார்க் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் அலுவலகம், ‘ஜர்னல்-அமெரிக்கன்’ நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் மேக்ஸ் கேஸ் திரட்டித் தந்த தகவல்களையும் வைத்துக்கொண்டு விசாரணையை விரித்தது. கேஸுக்கு இதற்காக 1952 இல் சிறப்பு புலிட்சர் பரிசு கிடைத்தது.

பிப்ரவரி 17 இரவு சிட்டி காலேஜ் அணி ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை 95–71 என்று தோற்கடித்துவிட்டு ரயிலில் திரும்பியது. பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் இறங்கிய வார்னர், ரோமன், ராத் ஆகிய மூவரையும் துப்பறிவாளர்கள் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மூவரும் ஒப்புக்கொண்டனர். மிசௌரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆகிய அணிகளுக்கு எதிராக அந்தப் பருவத்தில் நடந்த ஆட்டங்களில் ஆளுக்கு 1,500 டாலர் வரை பெற்றிருந்தனர். பணம் கொடுத்தவர் சால்வடோர் சொலாட்சோ என்ற நகை வணிகர். இடைத்தரகராக இருந்தவர் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர் எடி கார்டு. கைதுக்குப் பின் வளாகத்தில் கூடிய மாணவர்கள், குற்றம்சாட்டப்படாத லேனைத் தங்கள் நம்பிக்கையின் சின்னமாக ஏற்றிக் கொண்டாடினர். சில நாட்களில் அவரும் ஒப்புக்கொண்டு, தம் வீட்டுப் பூந்தொட்டியில் மறைத்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். பின்னர் டாம்ப்ராட், மேகர், ஹெர்ப் கோகன் ஆகியோரும் சேர்ந்து சிட்டி காலேஜ் வீரர் எழுவர் வழக்கில் சிக்கினர். இரட்டைப் பட்டம் வென்ற பருவத்திலேயே வழக்கமான ஆட்டங்கள் சிலவற்றில் புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன என்பதே இவற்றுள் மிகவும் கசப்பான செய்தி. இரு தேசியத் தொடர்களின் ஏழு ஆட்டங்களில் அப்படி நடந்ததாக எந்தக் குற்றச்சாட்டும் எழவில்லை. பருவத்தின் ஐந்து தோல்விகளைக் கண்டு அணியைக் குறைத்து மதிப்பிட்டவர்கள், தாம் பார்த்தது முழுத் திறமையையா விற்கப்பட்ட திறமையையா என்று பின்னர் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும்.

நியூயார்க்கின் சீர்கேடு இது என்று தொலைவிலுள்ளோர் சொல்லிக்கொண்டிருக்க நெடுநாள் இயலவில்லை. ரப், தம் வீரர்களைச் சூதாடிகள் அணுகவே முடியாது என்று பெருமையோடு அறிவித்திருந்தார். ஆனால் 1949 அழைப்புப் போட்டியில் லயோலா அணிக்கு எதிராகப் புள்ளி குறைத்ததற்காக ரால்ஃப் பியர்டு, அலெக்ஸ் குரோசா, டேல் பார்ன்ஸ்டேபிள் ஆகிய கென்டக்கி வீரர்கள் 1951 அக்டோபரில் கைதாயினர். பியர்டும் குரோசாவும் அதற்குள் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூட்டமைப்பில் நட்சத்திரங்களாகியிருந்தனர்; இருவருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டுத் தொழில்முறைத் தேர்வில் முதல் வீரராக எடுக்கப்பட்ட பிராட்லியின் மெல்கியோரி அக்கூட்டமைப்பில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே தடைக்குள்ளானார். முடிவில் ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 வீரர்கள், 1947 முதல் 1950 வரையிலான 86 ஆட்டங்கள் என்று கணக்கு நின்றது.

1951 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி சால் ஸ்ட்ரைட், சொலாட்சோவுக்கு எட்டு முதல் பதினாறு ஆண்டுகள் சிறை விதித்தார். வீரர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வார்னருக்கு ஆறு மாதமும், அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியான புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்த லாங் ஐலண்ட் வீரர் ஷெர்மன் வைட்டுக்கு ஓராண்டும் சிறை. இருவரும் கருப்பினத்தவர் என்பதை அப்போதே பலர் கவனித்தனர். நீதிபதியின் நீண்ட தீர்ப்புரை கல்லூரி நிர்வாகங்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் கடுமையாகச் சாடியது. மதிப்பெண் சான்றுகள் திருத்தப்பட்டே சிட்டி காலேஜில் சில வீரர்களுக்கு இடம் தரப்பட்டது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட கல்லூரிக்குக் கையூட்டைவிட இதுவே பெரிய இழுக்கு எனலாம். ஆயினும் சான்றுகளைத் திருத்தியதற்காகச் சிறை சென்றவர் எவரும் இல்லை. பந்தய எண்களை நாள்தோறும் அச்சிட்ட பத்திரிகைகள் வழக்கில் சாட்சியாகவே நின்றன. ஐரிஷ் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் தலைவராகத் தொடர்ந்தார். பொறுப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்று பார்த்தால், மிகக் குறைந்த பணம் பெற்றவர்களுக்கே மிகுதியாகக் கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. வறுமை கையூட்டுக்கு நியாயமாகாது என்பதற்குக் கெலாக்கின் வாழ்க்கையே சான்று. ஆனால் ஒருவரின் நேர்மையைக் காட்டி ஓர் ஏற்பாட்டின் குற்றத்தை மறைத்துவிடவும் முடியாது.

நகர உயர்கல்வி வாரியம் சிட்டி காலேஜ் அணியை அந்த அரங்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது. பெரிய அணிகளோடு மோதும் நிலையிலிருந்து கல்லூரி தானாகவே இறங்கியது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1957 வரை கல்லூரிகளுக்கிடையிலான விளையாட்டையே நிறுத்தி வைத்தது. கென்டக்கி 1952–53 பருவம் முழுவதையும் இழந்தது. அடுத்த பருவத்தில் திரும்பி வந்து ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முடித்தது. பணமும் பரந்த மாநிலத்தின் ஆதரவும் உள்ள பல்கலைக்கழகம் தவற்றைக் கடந்துவிட, கட்டணமற்ற நகரக் கல்லூரி அதிலேயே தேங்கிய இந்த வேறுபாட்டைக் கல்லூரி விளையாட்டின் பிற்கால வரலாறு நன்கு விளக்குகிறது. 1950க்குப் பின் என்.சி.ஏ.ஏ. ஆடவர் இறுதியாட்டம் நியூயார்க் நகரில் நடைபெற்றதேயில்லை.

ஹோல்மன் 1952 இல் சாண்டோடு சேர்த்து இடைநீக்கம் செய்யப்பட்டு, மேல்முறையீட்டில் வென்று 1954 இல் பணிக்குத் திரும்பினார். 1964 இல் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டு, 98 வயதுவரை வாழ்ந்தார். டாம்ப்ராட் பல் மருத்துவரானார். அவருடைய சகோதரர் மகன் கீத் டாம்ப்ராட், பின்னாளில் ஆக்ரன் நகரின் பள்ளியொன்றில், பிற்கால என்.பி.ஏ. நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸுக்குப் பயிற்றுநராக இருந்தார். ரோமன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று நியூயார்க் பள்ளிகளில் பணியாற்றினார். வார்னரின் பிற்கால வாழ்க்கை போதைப்பொருள் வழக்காலும் உடலை முடக்கிய கார் விபத்தாலும் சிதைந்தது. பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வந்த லேனை 1974 இல் சிட்டி காலேஜ் தன் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. அவர் பொறுப்பேற்ற இரண்டாண்டில், நகரத்தின் நிதி நெருக்கடி காரணமாக, கல்லூரி 129 ஆண்டுகளில் முதன்முறையாக மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. லேன் 1988 வரை அப்பொறுப்பில் இருந்தார். உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் அக்கல்லூரி அணி இன்றும் ஆடி வருகிறது. 1950 ஆம் ஆண்டின் இரு பட்டங்களும் இரத்து செய்யப்படாமல் பதிவேடுகளில் அதன் பெயரிலேயே உள்ளன.